ஸ்டெப்னி சொல்லும் ஆண்டு, தண்டவாளம் சொல்லும் நீளம்

புளியறைச் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால், ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறக் காத்திருக்கும் லாரிகளின் ஓரமாக ஒரு பஞ்சர் கடை. "மேல ஏறுமுன்ன ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் ஒரு டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டெப்னி எந்த ஊர்ச் சொல் என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கார் படத்துக்கு ஆண்டு குறிக்கும் வித்தை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்டெப்னி என்பது பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லானெல்லி ஊரின் ஒரு தெரு. முதல் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் பஞ்சரானால் நடுவழியில் உட்கார்ந்து, டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு கூடிய வெறும் வளையம் ஒன்று. அதில் ஆரக்கால் இல்லை, குடமும் இல்லை. பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அந்த வளையத்தை இறுக்கிப் பொருத்தி, வீடு வரை ஓட்டிவிடலாம். பிரிட்டனில் இந்தச் சொல் பழங்கதையாகிவிட்டது. பிரேசிலிலும் மால்டாவிலும் நம் நெடுஞ்சாலைகளிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு பழைய படத்தில் காரின் பக்கவாட்டில், ஏறும் படிக்கு மேலே, ஆரக்கால் இல்லாத இந்த ஸ்டெப்னி வளையம் கட்டப்பட்டிருந்தால், அந்தப் படம் 1904-க்கு முன்னால் எடுக்கப்பட்டிருக்க முடியாது. ஆரக்காலோடு முழுச் சக்கரமே உதிரியாக நின்றால் இன்னும் சில ஆண்டுகள் தள்ளி வர வேண்டும். அடையாளம் காணும் வேலை இப்படித்தான் நடக்கிறது. படம் எடுத்தவரும் காரில் உட்கார்ந்திருப்பவரும் காட்ட நினைக்காத ஒரு பொருள் பேசத் தொடங்குகிறது.

இந்த வித்தையின் கடினமான தேர்வு எது என்று கேட்டால் சுவிட்சர்லாந்தின் முதல் தலைமுறைக் கார்களைச் சொல்வேன். கடிகாரத்துக்கும் சாக்லெட்டுக்கும் பெயர் போன அந்த நாட்டில் 1890-களின் கடைசியிலிருந்து முதல் உலகப்போர் வரை கார் செய்தவர்கள் பலர். பெரும்பாலும் சிறிய பட்டறைகள். சில, விரல்விட்டு எண்ணும் அளவு வண்டிகளோடு நின்றுபோனவை. பெரியவற்றில் ஒன்று மார்ட்டினி. நம் பக்கத்தில் இந்தப் பெயர் துப்பாக்கியாக வந்தது. பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் முதல் பாதி ஃபிராவுன்ஃபெல்ட் ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரீட்ரிஷ் ஃபான் மார்ட்டினியின் பெயர். அங்கே 1897-இல் முதல் கார் செய்தார்கள். பின்னர் நூஷாத்தெல் ஏரிக்கரையில் உள்ள சான்-ப்ளேஸுக்கு ஆலை வந்தது. 1934-இல் கார் வேலை முடிவுக்கு வந்தது. ஜெனீவாவில் நீர்ச்சுழலி செய்துவந்த பிக்கார்-பிக்தே நிறுவனத்தின் காரை மக்கள் செல்லமாக பிக்-பிக் என்றார்கள். கடைசியில் அதுவே பெயராக நிலைத்தது. சூரிக் வட்டாரத்தில் டூரிக்கம். அது சூரிக் நகரின் லத்தீன் பெயர். அதன் முதல் மாதிரி வண்டியில் கையால் பிடிக்கும் ஸ்டியரிங் கிடையாது; கால்மிதிகளை அழுத்தித் திருப்ப வேண்டும். அப்படி ஒரு படம் கிடைத்தால் வேலை எளிது. மற்ற படங்கள் எளிதில் மசியாது.

ஏன் மசியாது என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவை. சிறிய நாட்டுச் சிறிய நிறுவனத்துக்குத் தன் வடிவத்தைத் தானே உருவாக்கிச் சோதித்துப் பார்க்கப் பணம் போதாது. அதனால் வெளிநாட்டு வடிவத்தை உரிமம் பெற்றோ பார்த்தோ செய்தார்கள். பாசெல் நகரில் லோரென்ஸ் பாப் 1898-இல் செய்த வண்டி பென்ஸைத் தழுவியது. மார்ட்டினி 1900-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த ரோஷே-ஷ்னைடர் காரை உரிமத்தின் பேரில் செய்தது. பிக்கார்-பிக்தே ஆலையில் உருவான முதல் கார்கள் பார்சலோனாவின் ஹிஸ்பானோ-சுய்சா வடிவம். அந்த ஹிஸ்பானோ-சுய்சாவை வடித்தவரோ ஜெனீவாவில் பிறந்து ஸ்பெயினுக்குப் போன மார்க் பிர்கிட். சுவிஸ்காரர் ஸ்பெயினில் போட்ட வரைபடம் மறுபடி சுவிஸ் ஊருக்கே வந்து காராகியிருக்கிறது. ஆக ஒரு படத்தில் ரோஷே-ஷ்னைடர் போலத் தெரிவது மார்ட்டினியாக இருக்கலாம். மார்ட்டினி என்று ஆசைப்பட்டுச் சொன்னது ரோஷே-ஷ்னைடராகவே முடியலாம்.

இதற்கு மேல் ஒரு குழப்பம்: அந்தக் காலத்தில் நிறுவனம் விற்றது பெரும்பாலும் அடிச்சட்டமும் இன்ஜினும் மட்டும்தான். உட்காரும் கூடு, கதவு, மேற்கூரை எல்லாம் வாங்கியவரின் ஊர்க் கூண்டு வண்டிப் பட்டறையில் கட்டப்பட்டன. சென்னையில் குதிரை வண்டி கட்டிய சிம்ப்சன் நிறுவனம் கார்க்கூடும் கட்டியது இந்த வழியில்தான். ஒரே அடிச்சட்டத்தின் மேல் பாரிஸில் ஒரு கூடு, சென்னையில் வேறொரு கூடு. படத்தைப் பார்க்கிற கண் முதலில் விழுவது கூட்டின் மேல், ஏமாறுவதும் அங்கேதான். கூடு தைத்த சட்டை. ஆளைக் கண்டுபிடிக்க எலும்பைப் பார்க்க வேண்டும்.

எலும்பு என்றால் எவை? முன்னால் இரண்டு கொம்புபோல் நீண்டு, வில்லைத் தாங்கும் சட்டத்தின் முனைகள். அவை வளையும் விதம். முன் அச்சு நேராக இருக்கிறதா, நடுவில் தாழ்ந்திருக்கிறதா. ரேடியேட்டரின் தோள் உருண்டையா கூரா. இன்ஜின் மூடியில் காற்றுக்காகக் கீறிய பிளவுகள் எத்தனை. சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால், குடத்தைச் சுற்றி எத்தனை போல்ட். நம் மாட்டு வண்டி ஆசாரிகள் குடம், ஆரக்கால், வட்டை, பட்டா, கடையாணி என்று சக்கரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வைத்து, வட்டையைப் பார்த்தே எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்வார்கள். அந்தக் கண்தான் இங்கும் வேண்டும். முன் சக்கரத்தில் 10 ஆரக்கால், பின் சக்கரத்தில் 12 என்ற எண்ணிக்கையை எந்த விளம்பரக்காரரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் அது நம்பத்தக்கது.

ஆண்டைக் குறுக்குவதற்குச் சில பொதுவான படிக்கற்கள் உண்டு. தேன்கூடு ரேடியேட்டர் நிமிர்ந்து முகமாக நிற்பது 1901-இல் மெர்சிடிஸ் காட்டிய வழி. அதற்கு முந்தைய வண்டிகளில் முன்னால் தாழ்வாக வளைந்த குழாய்ச் சுருள் தொங்கும். ஏறும் படியில் ஒரு பித்தளைக் குடுவை, அதிலிருந்து முன்விளக்குக்கு ஓடும் குழாய் இருந்தால் அது கார்பைடு கல்லில் நீர் சொட்டி எரியும் அசிட்டிலீன் விளக்கு. நம் கோயில் கொடைகளுக்கும் சந்தைகளுக்கும் ஒளி தந்த அதே கேஸ் லைட்டு வேதியியல். குழாய் இல்லாமல் விளக்கு மட்டும் இருந்தால் மின்விளக்காக இருக்கலாம். பெரும்பாலும் 1912-க்குப் பின். ஓட்டுநர் பக்கம் கதவில்லாமல் திறந்து கிடந்தால் 1910-க்கு முந்தைய பழக்கம். இன்ஜின் மூடியும் கூடும் ஒரே கோடாக இழைந்து ஓடினால் அதற்குப் பிந்தையது.

முன் சக்கரத்தில் பிரேக் டிரம் தெரிகிறதா என்பது இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான குறி. முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். 1914-இல் லியோன் அருகே நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் நான்கு சக்கரத்திலும் பிரேக் வைத்து வந்தவை டெலாஜ், பெஜோ, ஃபியட், பிக்-பிக் என்ற நான்கு அணிகள் மட்டும். அந்தப் பந்தயப் படம் ஒன்று பெயரில்லாமல் கையில் கிடைத்து, முன் சக்கரத்தில் டிரம் தெரிந்தால், நாலில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டோம். மற்ற மூன்றும் பேர்போனவை, படங்கள் ஏராளம், ஒப்பிட்டு நீக்கிவிடலாம். மிஞ்சுவது ஜெனீவாவின் கார். மேகம் போன்ற ஒரு சாம்பல் நிறப் படத்தில் வட்டமான ஒரு நிழல் இத்தனை தூரம் கொண்டுவந்து விடுகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி அளப்பது. அதற்குப் புளியறையை விட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது.

கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து வந்த ரயில் பாதை 1904-இல் முழுதாகத் திறந்தது. புளியறையை ஒட்டிய நிலையம் பகவதிபுரம். அன்று போட்டது மீட்டர் கேஜ்: இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே சரியாக 1000 மில்லிமீட்டர். அகலப்பாதை வேலைக்காக அந்தப் பாதை மூடப்பட்டு, 2018-இல் 1676 மில்லிமீட்டராக மீண்டும் திறந்தது. அதாவது, நூறாண்டுக்கு மேல் இந்த வட்டாரத்தில் எடுத்த எந்தப் படத்திலும் தண்டவாளம் தெரிந்தால், படத்துக்குள் ஒரு மீட்டர் அளவுகோல் கிடக்கிறது.

ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தின் மேல் ஒரு கார் நிற்கிறது. சாலை பாதையைச் செங்குத்தாகக் கடக்கிறது. காமிரா சற்றுச் சாய்வாகப் பார்க்கிறது. சக்கரங்கள் வட்டமாகத் தெரியாமல் நீள்வட்டமாகத் தெரிகின்றன. பலர் இங்கே, சாய்வாக இருக்கிறதே, எப்படி அளப்பது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நீள்வட்டமே உதவிக்கு வருகிறது. சக்கரத்தின் அகலம் எவ்வளவு ஒடுங்கித் தெரிகிறதோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் ஒடுங்கித் தெரியும். இரண்டும் ஒரே திசையில் கிடப்பவை. ஆகவே அச்சு இடைவெளியைச் சக்கர அகலத்தால் வகுத்தால் சாய்வு தானாக அடிபட்டுப் போகும். கிட்ட இருக்கும் சக்கரம் பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் தெரியுமே என்றால், இரண்டின் சராசரியை எடுத்தால் முதல் கணக்குக்குப் போதும்.

படத்தில் சக்கர அகலம் சராசரி 22 மில்லிமீட்டர், அச்சு இடைவெளி 74 என்று வைப்போம். விகிதம் 3.36. அந்தக் கால ஐரோப்பிய டயர்களின் அளவு டயரிலேயே எழுதியிருக்கும்: 815-க்கு 105, 880-க்கு 120 என்பதுபோல. முதல் எண் சக்கரத்தின் வெளி விட்டம், இரண்டாவது டயரின் பருமன், இரண்டும் மில்லிமீட்டரில். விட்டம் 880 என்றால் அச்சு இடைவெளி 2 மீட்டர் 96 சென்டிமீட்டர். 815 என்றால் 2 மீட்டர் 74. எழுத்து படத்தில் தெரியவில்லை, இரண்டில் எது? இப்போது தண்டவாளத்துக்கு வருவோம். சாலையின் திசையில் அளந்தால், காரின் கிட்டச் சக்கரங்கள் நிற்கும் அதே ஆழத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 25 மில்லிமீட்டர் இருக்கிறது. 74-ஐ 25-ஆல் வகுத்தால் 2.96. பெரிய டயர்தான்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் அதன் அடக்கம். அளவுகோலை அரை மில்லிமீட்டர் தவறாக வைத்தால், 22-இல் அரை என்பது நூற்றுக்கு இரண்டுக்கு மேல். அச்சு இடைவெளியில் ஆறேழு சென்டிமீட்டர் பிசகும். அந்த ஆறேழு சென்டிமீட்டருக்குள் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் கார்கள் அடங்கிவிடும். அளவை இன்ன கார் என்று நிரூபிக்காது. இன்ன கார் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லும். அடையாளம் காண்பதில் பத்துக்கு ஒன்பது பங்கு வேலை, இல்லை என்று சொல்வதுதான்.

தண்டவாளத்தின் மேல் கார் என்றதும், சுவிஸ் கார்களின் பேர்போன சாகசத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹென்றி ஹியூ பீட்டர் டீஸி என்பவர் இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரி. திபெத்திலும் சீனத் துருக்கிஸ்தானிலும் நில அளவை செய்து புகழ் பெற்றவர். பிறகு கார் வியாபாரத்தில் இறங்கி, 1903-இல் ஒரு மார்ட்டினி காரை மோந்த்ரோவுக்கு மேலே உள்ள ரோஷே த நே மலை ரயிலின் பல்சக்கரப் பாதை வழியாகவே ஓட்டி ஏற்றினார். அந்தப் பாதையின் அகலம் 800 மில்லிமீட்டர். அந்த ஏற்றத்தைக் காட்டும் படம் எதிலும் அளவுகோல் காரின் வயிற்றுக்கு அடியிலேயே ஓடுகிறது.

அந்த மலைப்பாதையின் பல்தண்டு முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அவருடைய முறைதான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் நீலகிரி ரயிலிலும் இருக்கிறது. அந்தப் பாதையில் 1914 முதல் வந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. படத்தில் அவற்றை அடையாளம் காண ஒரு பார்வை போதும்: பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, மற்றது பல்சக்கரத்தை ஓட்டும். முதல் ஜோடியில் வேலை செய்த நீராவியே இரண்டாவதற்குப் போகும். மலை ஏறும் தேவை இயந்திரத்தின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சுவிஸ் இயந்திரத்தைப் பழைய படத்தில் தேடிக் கண் பழக விரும்புவோர் இங்கே தொடங்கலாம்.

காமிரா பொய் சொல்லுமா? சொல்லும். பிரெஞ்சுப் படக்கலைஞர் ஜாக்-ஆன்றி லார்திக் இளவயதில் எடுத்த ஒரு பந்தயக் கார் படம் உலகப் புகழ் பெற்றது. காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டையாகவும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னோக்கிச் சாய்ந்தும் தெரிவார்கள். அன்றைய காமிராவில் ஒளி ஒரு குறுகிய பிளவு வழியாகக் கண்ணாடித் தகட்டின் மேல் வரிவரியாக நகர்ந்து விழும். முதல் வரி பதிந்ததற்கும் கடைசி வரி பதிவதற்கும் இடையில் கார் நகர்ந்துவிடுகிறது, காரைத் தொடர்ந்து காமிராவும் திரும்பிவிடுகிறது, அதனால் சாய்வு. அப்படிப்பட்ட படத்தில் நான் மேலே சொன்ன விகிதக் கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவோம். ஆனால் நான் சொல்லவந்தது வேறொன்று. அந்தப் படத்துக்கு நெடுங்காலம் 1912, டெலாஜ் கார் என்று தலைப்பு இருந்தது. 1912-இன் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் டெலாஜ் ஓடவே இல்லை. படத்தில் தெரியும் எண்ணையும் பந்தயப் பட்டியலையும் ஒப்பிட்டவர்கள் அது 1913-இல் ஓடிய தியோடோர் ஷ்னைடர் கார் என்று திருத்தினார்கள். மார்ட்டினிக்கு வடிவம் தந்த ரோஷே-ஷ்னைடரின் ஷ்னைடர் இவரேதான். பிரிந்து போய்த் தன் பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. அருங்காட்சியகச் சுவரில் தொங்கிய, உலகமே பார்த்த ஒரு படத்துக்கே இந்த நிலை என்றால், நம் வீட்டுப் பரணில் கிடப்பவற்றின் பின்னால் எழுதியிருக்கும் கார் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நிறத்தையும் நம்ப முடியாது. அந்தக் காலத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. நீலம் அதிகமாக உறைக்கும். சிவப்புக் கார் கறுப்பாகவும், வெளிர்நீலக் கார் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் பதியும். சான்று வேண்டுமானால் பாட்டியின் படத்தைப் பாருங்கள்: நெற்றியில் இருந்தது குங்குமம், படத்தில் இருப்பது கரும்பொட்டு.

கண்ணாடித் தகட்டை மறுபக்கமாக வைத்து அச்சிட்டுவிட்டால் இடம் வலம் மாறிவிடும். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவுசெய்வதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும். ஐரோப்பியப் படத்தில் இதற்குக் கடைப் பலகை எழுத்தைத் தேடுவார்கள். நம் படத்தில் அதற்கும் முந்திய சாட்சிகள் உண்டு. பூணூல் வலத்தோளில் கிடந்தால், சேலை முந்தானை வலத்தோளில் போனால், படம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்க ஸ்டியரிங் என்பதாலேயே இந்தியக் கார் என்றும் சொல்லிவிட முடியாது. சாலையில் வலப்பக்கம் ஓட்டிய ஐரோப்பிய நாடுகளிலும் முதல் உலகப்போருக்கு முந்தைய பெரும்பாலான நல்ல கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம்தான். சுவிஸ் மலைப்பேருந்துகள் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அப்படியே ஓடின. பாதையின் விளிம்பும் அதற்கப்பால் இருக்கும் பள்ளமும் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும் என்பதற்காக.

அப்படியானால், சுவிஸ் மலையில் நிற்கும் காரா, நம் மலையடிவாரத்தில் நிற்கும் காரா என்று எப்படிப் பிரிப்பது? மரத்தைப் பார்க்கலாம், ஆட்களைப் பார்க்கலாம். இரண்டும் இல்லாத வெறும் படமாக இருந்தால் நிழலைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து ஏறத்தாழ 47 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே கோடையின் உச்சத்தில், நண்பகலில்கூடச் சூரியன் தலைக்கு மேல் வராது. எந்த நாளில் எந்த நேரத்தில் எடுத்தாலும், சமதரையில் நிற்கும் ஒரு கம்பத்தின் நிழல் அதன் உயரத்தில் நூற்றுக்கு 40-க்குக் கீழே குறையாது. புளியறை 9 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று காரின் நிழல் காருக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று கம்பத்தின் உயரத்தில் கால் பங்கு நீளம், தெற்கு நோக்கி. சுவிட்சர்லாந்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும் நாள் ஒன்றுகூடக் கிடையாது.

திசை எப்படித் தெரியும்? மேற்கே மலை இருக்கிறதே. புளியறையில் மலை பின்னணியாக இருக்கும் படத்தில் காமிரா மேற்கே பார்க்கிறது; படத்தின் இடப்பக்கம் தெற்கு. மலைமுகடுகளின் ஏற்ற இறக்கக் கோடு நூறாண்டில் மாறுவதில்லை. மரங்கள் போகும், வீடுகள் வரும், சாலை அகலும்; அந்தக் கோடு அப்படியே இருக்கும். படத்தை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வயல்வரப்பில் முன்னும் பின்னும் நடந்தால், முகடுகள் ஒன்றையொன்று மறைக்கும் விதம் படத்தோடு பொருந்தும் ஓரிடம் வரும். படமெடுத்தவர் முக்காலியை ஊன்றிய இடம் அது. கோடு மேல் கோடு விழும் அந்தக் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

சுவிட்சர்லாந்திலேயே எடுத்த படம் என்றால் இடமும் ஒரு சாட்சி. அந்நாட்டின் க்ராவ்பூண்டன் மாநிலம் 1900-இல் கார்களுக்குத் தடை போட்டு, 1925 வரை நீக்கவில்லை. அந்த மாநிலத்து மலைக்கணவாயில் ஒரு பழைய கார் உல்லாசமாக நிற்பதாக யாராவது 1912 என்று எழுதிக் காட்டினால், இடம், ஆண்டு இரண்டில் ஒன்றை மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்று கணினியிடம் படத்தைக் கொடுத்தால் நொடியில் பெயர் சொல்கிறது. பொதுவான கார்களுக்கு அது பயன்படும். அரிய காருக்குக் கவனம் தேவை. ஃபோர்டு மாடல் டி படங்களை அது லட்சக்கணக்கில் பார்த்திருக்கும். டூரிக்கம் படம் ஒன்றிரண்டு பார்த்திருந்தால் அதிகம். அறியாததைக் கண்டதும் அறிந்ததன் பக்கம் சாய்வது அதன் இயல்பு. மனிதக் கண் இதற்கு நேர் எதிராகத் தவறுகிறது: அரியதாக இருக்கக்கூடாதா என்ற ஆசையில் சாய்கிறது. அதனால் அரிய பெயரைக் கடைசியாகத்தான் உச்சரிக்க வேண்டும். ஃபோர்டு இல்லை, டி டியோன் இல்லை, ரோஷே-ஷ்னைடர் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் காட்டி நீக்கிய பிறகு, மார்ட்டினி என்று சொல்வதற்கும் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒரு குடத்தின் போல்ட் எண்ணிக்கையோ ரேடியேட்டர் தோளின் வளைவோ ஆலையின் பழைய விலைப்பட்டியல் படத்தோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால், "1905-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட கார், அச்சு இடைவெளி ஏறத்தாழ 2.9 மீட்டர்" என்று எழுதி நிறுத்துவது நல்ல விடை. அடுத்து வருபவர் அங்கிருந்து தொடர முடியும்.

என்னை வருத்துவது ஒன்றுதான். தென்மாவட்டங்களில் பழைய ஸ்டூடியோக்கள் மூடும்போது கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக்கி விடுகிறார்கள்; அப்படிக் கழுவியவற்றில் ஜன்னல் போட்ட ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுப் படங்களைச் சட்டத்துக்கு ஏற்றபடி ஓரம் வெட்டிவிடுகிறார்கள். தாத்தா நடுவில் இருக்கிறார், போதும் என்று. வெட்டிப்போன ஓரத்தில்தான் பின்சக்கரம் இருந்தது, தண்டவாளம் இருந்தது, மலைமுகடு இருந்தது. படம் இருந்தால் ஓரத்தோடு, அட்டையோடு, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள்.

பின்பக்கத்தை மறக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் தனிக் காரணம் உண்டு. செங்கோட்டை வட்டாரம், புளியறையோடு சேர்த்து, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் வழிவந்த நிலம். இங்கே பத்திரத்திலும் நோட்டிலும் எழுதியது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறந்து ஆடியில் முடிவது. படத்தின் பின்னால் பென்சிலில் "1088 ஆனி" என்று மங்கலாக இருந்தால், அது ஸ்டூடியோக்காரரின் வரிசை எண்ணோ விலையோ என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. ஆனி ஆதலால் 1913, ஜூன் பாதிக்கும் ஜூலை பாதிக்கும் இடையே. குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும். வெயில் எட்டிப் பார்த்த ஒரு நண்பகலில் எடுத்திருந்தால், காரின் நிழல் ஓர் ஓரமாகத் தெற்கே எட்டிப் பார்க்கிறதா என்று படத்தைத் திருப்பிப் பாருங்கள்.